ஆறு மணி நேரத்தில் ஒரு கால்

கை, கால் ரத்தக்குழாய்க் காயங்கள்: கரிசல் காட்டிலிருந்து மதுரை அறுவை அரங்கு வரை

ரத்தம் கொட்டும் காயத்தைக் கண்டால் ஊரே ஓடிவரும். துண்டைக் கிழித்துக் கட்டுவார்கள், வண்டி பிடிப்பார்கள், கூட்டத்தை விலக்குவார்கள். ரத்தம் வெளியே வராத காயத்துக்கு அந்தப் பரபரப்பு இருப்பதில்லை. விருதுநகர் மாவட்டத்து மல்லாங்கிணறு சாலையில் இரவு எட்டு மணிக்கு பைக்கிலிருந்து விழுந்து முட்டி பிசகிய ஒருவரை நினைத்துப் பாருங்கள். தோல் கிழியவில்லை. முட்டி மட்டும் வீங்கியிருக்கிறது. “மூட்டு விலகியிருக்கு மாப்ள, காலைல பாத்துக்கலாம்” என்கிறார் உடன் வந்தவர். வலி மாத்திரை ஒன்றை விழுங்கிவிட்டு, காலைத் தலையணை மேல் தூக்கிவைத்துப் படுக்கிறார் அடிபட்டவர். முட்டிக்குப் பின்னால் ஓடும் பெரிய ரத்தக்குழாய் கிழிந்திருந்தால், விடிவதற்குள் அந்தக் கால் செத்துவிடும். காலையில் எந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனாலும், காலை எடுத்து உயிரைக் காப்பதைத் தவிர அங்கே செய்வதற்கு ஒன்றும் மிஞ்சாமல் போகலாம்.

கை காலில் ஏற்படும் ரத்தக்குழாய்க் காயங்களில் பெரும்பாலானவற்றை இன்று சரிசெய்ய முடியும். அதற்கான நுட்பம் இருக்கிறது. கற்றுத் தேர்ந்த மருத்துவர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அரசு மருத்துவமனையில் செலவில்லாமலும் செய்துகொள்ளலாம். இல்லாமல் போவது நேரம்தான். அந்த நேரத்தைக் காப்பதும் கைவிடுவதும் விபத்து நடந்த இடத்தில் நிற்பவர்கள், முதலில் பார்க்கும் மருத்துவர், உடனிருக்கும் உறவினர்கள் ஆகியோரின் கையில் இருக்கிறது.

வானம் பார்த்த பூமியின் காயங்கள்

மல்லாங்கிணறு இரண்டு நான்குவழிச் சாலைகளுக்கு நடுவில் இருக்கிறது. ஒரு பக்கம் விருதுநகர் வழியாகப் போகும் மதுரை - கன்னியாகுமரி சாலை. மறுபக்கம் காரியாபட்டி, அருப்புக்கோட்டை வழியாகப் போகும் மதுரை - தூத்துக்குடி சாலை. இரண்டையும் இணைக்கும் சாலைகளில் டூ வீலர்தான் ஊரின் கால். வேலைக்கு, கல்லூரிக்கு, உரக்கடைக்கு, கல்யாணத்துக்கு என எல்லாவற்றுக்கும் அதுவே. முழங்கால் மூட்டு விலகுவதும், முட்டிக்குக் கீழே எலும்பு நொறுங்குவதும் டூ வீலர் விபத்தில் நேர்பவை. முட்டிக்குப் பின்னால் இருக்கும் ரத்தக்குழாய் கிழிவதும் அந்தக் காயங்களோடு சேர்ந்துதான்.

மழையை நம்பிய மண்ணில் விவசாயம் பொய்த்தால் பலருக்குக் கைகொடுப்பது சீமைக் கருவேலம். வெட்டி, மூட்டம் போட்டுக் கரியாக்குகிறார்கள். கோடாரியும் வெட்டரிவாளும் இருந்த கையில் இப்போது பெட்ரோல் ரம்பமும் சேர்ந்திருக்கிறது. முள்ளுக்குள் நின்று வெட்டும்போது ரம்பம் துள்ளினால் தொடையிலோ முன்கையிலோ பாய்கிறது. அருப்புக்கோட்டையில் விசைத்தறி. மாவட்டத்தின் மேற்கே பட்டாசுத் தொழில். புளி உலுக்க ஏறியவர்களும், வேப்பமரத்தில் விளையாடிய பிள்ளைகளும் விழுகிறார்கள். தை பிறந்தால் சுற்றுவட்டாரத்தில் மஞ்சுவிரட்டும் ஜல்லிக்கட்டும். காளையின் கொம்பு பெரும்பாலும் குத்துவது தொடைக்கும் அடிவயிற்றுக்கும் நடுவே. காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் முதன்மைத் தமனி அந்த இடத்தில்தான் தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது.

இத்தனை வகைக் காயங்களும் ஒரே சாலைகளில் மருத்துவமனைக்குப் பயணப்படுகின்றன. அருகில் விருதுநகர். அங்கே அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. ரத்தக்குழாய் அறுவை சிகிச்சைக்கென்று தனித்துறை உள்ள இடம் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை. ஊரார் வாயில் பெரியாஸ்பத்திரி.

அறுந்தால் நிற்கும், கிழிந்தால் கொட்டும்

தமனி முழுவதும் துண்டாகிவிட்டால் ரத்தம் ஆறாக ஓடும் என்றுதான் நாம் நினைப்போம். நடப்பது வேறு. துண்டான தமனியின் இரு முனைகளும் சுருங்கி, தசைக்குள் பின்வாங்கி, ரத்தக்கட்டியால் அடைபட்டு, கொஞ்ச நேரத்தில் கசிவு நின்றுவிடக்கூடும். பாதி மட்டும் கிழிந்த தமனியால் அப்படிச் சுருங்க முடியாது. அதுதான் விடாமல் கொட்டி உயிரை எடுக்கும். ஆகவே ரத்தம் நின்றுவிட்டது என்பதற்காக ஆபத்து நீங்கிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது.

மூன்றாவதாக ஒரு வகை உண்டு. மருத்துவர்களையே ஏமாற்றுவது இதுதான். எலும்பு முறியும்போது தமனி இழுபடுகிறது. வெளிச்சுவர் முழுதாக இருக்கிறது. உள்தோல் மட்டும் கிழிந்து சுருள்கிறது. பம்புசெட் ரப்பர் குழாயின் உட்புறம் பிய்ந்து மடங்கினால் வெளியே ஒரு சொட்டும் ஒழுகாமல் தண்ணீர் வரத்து நின்றுபோகுமே, அதைப் போல. முதல் ஒரு மணி நேரம் நாடி தெரியலாம். பிறகு கிழிசலில் ரத்தம் உறைந்து, மெல்ல மெல்ல அடைத்துக்கொள்ளும். மாலையில் பார்த்தபோது துடித்த நாடி நள்ளிரவில் இல்லாமல் போவது இதனால்தான்.

முட்டிக்குப் பின்னால் உள்ள தமனி இதில் மிகவும் பரிதாபமானது. மேலே தொடைத் தசையின் நாரிலும், கீழே கெண்டைக்கால் தசையின் வளைவிலும் அது கட்டுண்டு கிடக்கிறது. மூட்டு விலகும்போது நகர்ந்து கொடுக்க அதற்கு இடமில்லை. கிழிகிறது. அதைச் சுற்றியிருக்கும் சிறு குழாய்கள் காலைத் தாங்கும் அளவுக்கு ரத்தம் கொண்டுவருவதுமில்லை. கைகால்களில் இழப்பு அதிகம் நேரும் இடங்களில் இது முதன்மையானது.

ஆறு மணி நேரக் கணக்கு

ரத்தம் நின்ற காலுக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது? 1949இல் மில்லர், வெல்ச் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் விலங்குகளில் நடத்திய சோதனை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆறு மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டம் திரும்பியபோது பத்தில் ஒன்பது கால்கள் பிழைத்தன. பன்னிரண்டிலிருந்து பதினெட்டு மணி நேரமானபோது பாதி. ஒரு நாளைத் தாண்டியபோது ஐந்தில் ஒன்று. மனிதருக்கும் மருத்துவர்கள் வைத்திருக்கும் பொதுவான எல்லை ஆறு மணி நேரம். நசுங்கிய தசை, அதிர்ச்சியில் விழுந்த ரத்த அழுத்தம், வெயிலில் கிடந்த உடம்பு ஆகியவை சேர்ந்தால் அந்த ஆறும் குறையும். சுற்றுக் குழாய்கள் கொஞ்சம் ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தால் சற்றுக் கூடும்.

எல்லாத் திசுக்களும் ஒன்றாகச் சாவதில்லை. முதலில் துவள்வது நரம்பு. அதனால்தான் விரல் மரத்துப்போகிறது. அடுத்துத் தசை. தோல் கடைசிவரை தாக்குப்பிடிக்கும். வெளியே தோல் நன்றாக இருக்க, உள்ளே தசை செத்துக் கிடக்கும் நிலை இதனால் வருகிறது. “கால் பாக்க நல்லாத்தானே இருக்கு” என்ற பேச்சை நம்பி எத்தனையோ குடும்பங்கள் ஏமாந்திருக்கின்றன.

காலத்தைக் கடத்திவிட்டு ரத்தத்தைத் திறந்துவிட்டாலும் ஆபத்துதான். செத்த தசையிலிருந்து பொட்டாசியமும், மயோகுளோபின் என்ற புரதமும், அமிலமும் ஒரே நேரத்தில் உடலுக்குள் பாய்கின்றன. இதயத் துடிப்பு தடுமாறும். சிறுநீர் கறுத்து, சிறுநீரகம் செயலிழக்கும். காலைக் காப்பாற்றப் போய் ஆளை இழக்கும் இந்த அபாயத்தால்தான், நேரம் கடந்துவிட்ட காலை அகற்ற வேண்டும் என்று மருத்துவர் சொல்கிறார். அது அலட்சியத்தில் பிறந்த முடிவு அல்ல என்பதைக் குடும்பத்தினர் புரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டு விரல் பரிசோதனை

கண்டுபிடிப்பது எப்படி? முதல் கருவி மருத்துவரின் இரண்டு விரல்கள். பாதத்தின் மேற்புறத்தில் ஒரு நாடி. உள்கணுக்காலுக்குப் பின்னால் ஒரு நாடி. மணிக்கட்டில் ஒரு நாடி. அடிபட்ட பக்கத்தையும் அடிபடாத பக்கத்தையும் ஒப்பிட வேண்டும். நீண்ட நாள் சர்க்கரை நோயாளிகளுக்கும் புகைப்பவர்களுக்கும் முன்பிருந்தே பாத நாடி மங்கியிருக்கலாம் என்பதால் ஒப்பீடு முக்கியம்.

சில அறிகுறிகள் தெரிந்தால் வேறு பரிசோதனைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. துடித்துத் துடித்துப் பீய்ச்சும் ரத்தம், நொடிக்கு நொடி பெரிதாகும் வீக்கம், காயத்தின் மேல் கைவைத்தால் உணரும் அதிர்வு, நாடி இல்லாமை, சில்லிட்டு வெளுத்து, மரத்து, விரலை அசைக்க முடியாத நிலை. இவற்றில் ஒன்று இருந்தாலே நேராக அறுவை அரங்கு என்பது உலகம் முழுக்கப் பின்பற்றப்படும் விதி. ஸ்கேனுக்கு வரிசையில் நிற்கும் நேரத்தில் தசை செத்துவிடும்.

வேறு சில அறிகுறிகள் சந்தேகத்தை மட்டும் எழுப்பும். விபத்து இடத்தில் நிறைய ரத்தம் போனதாகச் சொல்கிறார்கள், இப்போது இல்லை, நாடி இருக்கிறது, ஆனால் மங்கல், பெரிய குழாய்க்குப் பக்கத்தில் குத்துக்காயம், விரலில் மரமரப்பு. இந்த நிலையில் எளிய கணக்கு ஒன்று உதவுகிறது. ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை அடிபட்ட காலின் கணுக்காலுக்கு மேலே சுற்றி, கையடக்க டாப்ளர் கருவியால் ஒலி கேட்டு, அங்குள்ள அழுத்தத்தை அளக்கிறார்கள். அதை அடிபடாத கையின் அழுத்தத்தால் வகுக்கிறார்கள். விடை 0.9க்குக் கீழே வந்தால் குழாயில் காயம் இருக்க வாய்ப்பு மிக அதிகம். 1991இல் லிஞ்ச், ஜோஹன்சன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இந்த எளிய அளவீட்டின் நம்பகத்தன்மையை நிறுவியது. அளவு குறைந்தால் அடுத்து சி.டி. ஆஞ்சியோகிராம். கையின் ரத்தக்குழாயில் மருந்து செலுத்தி எடுக்கும் அந்தப் படத்தில், குழாய் எங்கே நின்றுபோகிறது என்பது துல்லியமாகத் தெரிந்துவிடும்.

எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், ரத்தக்குழாய் தெரியாது. “எலும்பு உடையல” என்ற எக்ஸ்ரே முடிவோடு வீட்டுக்குத் திரும்பும்முன் பாத நாடி பார்க்கப்பட்டதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். விலகிய முட்டி சில நேரம் தானாகவே பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். எக்ஸ்ரேயில் எல்லாம் சரியாக இருக்கும். கிழிந்த தமனி மட்டும் அப்படியே இருக்கும். அதனால் முட்டி விலகியவரை நாடி இருந்தாலும் அனுமதித்து, மணிக்கொருமுறை பார்க்க வேண்டும்.

போர்க்களம் கற்றுத்தந்தது

அறுந்த தமனியைக் கட்டிவிட்டு உயிரை மட்டும் காப்பது என்பதே சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பெருவழக்கு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க வீரர்களுக்கு ஏற்பட்ட 2,471 தமனிக் காயங்களை டிபேக்கி, சிமியோன் என்ற மருத்துவர்கள் 1946இல் தொகுத்தார்கள். தமனியைக் கட்டிவிட்டவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் அந்தக் கையையோ காலையோ இழந்தார்கள். முட்டிக்குப் பின்னால் என்றால் நூற்றுக்கு 72 பேருக்கு மேல். தமனியைத் தைத்துச் சரிசெய்தது வெறும் 81 பேருக்குத்தான்.

தைக்கும் கலை அதற்கு முன்பே பிறந்திருந்தது. 1894இல் பிரான்ஸ் குடியரசுத் தலைவர் சாதி கார்னோ லியோன் நகரில் கத்திக்குத்துக்கு ஆளாகி இறந்தார். அறுந்த பெருங்குழாயைத் தைக்க யாருக்கும் தெரியவில்லை. அந்த நகரில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த இளைஞர் அலெக்சிஸ் காரெலை அந்த மரணம் உலுக்கியது. பூத்தையல் செய்யும் பெண் ஒருவரிடம் போய் நுண்ணூசியும் மெல்லிய பட்டு நூலும் கையாளக் கற்றார். குழாயின் வாயை மூன்று இடங்களில் இழுத்துப் பிடித்து முக்கோணமாக்கித் தைக்கும் முறையைக் கண்டார். 1912இல் அவருக்கு நோபல் பரிசு. தறி தெரிந்த அருப்புக்கோட்டைக்காரர்களுக்கு இந்தக் கதை கூடுதலாகப் பிடிக்கும்.

கொரியப் போரில் ஹெலிகாப்டர் வந்தது. அடிபட்டவர் சில மணி நேரத்துக்குள் அறுவை அரங்கை அடைந்தார். தமனியைக் கட்டுவதை விட்டுத் தைக்கத் தொடங்கினார்கள். உறுப்பிழப்பு 13 சதவீதமாக இறங்கியது. வியட்நாம் போரில் மருத்துவர் நார்மன் ரிச் தொகுத்த ஆயிரம் காயங்களிலும் ஏறத்தாழ அதே விகிதம். இதில் கத்தியோடு வேகத்துக்கும் பங்குண்டு. அப்போதும் முட்டிக்குப் பின்னால் அடிபட்டவர்களில் பத்தில் மூன்று பேர் காலை இழந்தார்கள் என்பது அந்த இடம் எவ்வளவு பொல்லாதது என்பதைச் சொல்லும்.

மேசை மேல் நடப்பது

அறுவை அரங்கில் முதல் வேலை, காயத்தைத் திறப்பதற்கு முன்பே அதற்கு மேலும் கீழும் தமனியைக் கண்டுபிடித்துக் கட்டுக்குள் கொண்டுவருவது. இல்லாவிட்டால் ரத்தக்கட்டியைத் தொட்டதும் பீய்ச்சும். பிறகு நசுங்கிய முனைகளை நல்ல திசு வரும்வரை வெட்டிச் சீராக்குகிறார்கள். உள்ளே உறைந்துபோன ரத்தத்தை ஒரு மெல்லிய குழாயால் இழுத்து எடுக்கிறார்கள். நுனியில் குட்டி பலூன் வைத்த அந்தக் குழாயை 1963இல் உலகுக்குத் தந்தவர் தாமஸ் ஃபோகார்ட்டி. பலூனைச் சுருக்கி உள்ளே அனுப்பி, ஊதி, மெதுவாக வெளியே இழுத்தால் கட்டி மொத்தமாக வந்துவிடும். மீண்டும் உறையாமல் இருக்க ஹெப்பாரின் மருந்து.

முனைகள் இழுக்காமல் சேர்ந்தால் நேரடித் தையல். இடைவெளி இருந்தால் நோயாளியின் அடுத்த காலிலிருந்து, கணுக்காலின் உட்புறமிருந்து தொடைவரை தோலுக்கடியில் ஓடும் நீண்ட சிரையில் ஒரு துண்டை எடுத்து ஒட்டுகிறார்கள். அடுத்த காலிலிருந்து ஏன்? அடிபட்ட காலின் ஆழ்சிரையும் கிழிந்திருக்கலாம். ரத்தம் திரும்புவதற்கு அந்தக் காலில் மிச்சமிருக்கும் வழியையும் வெட்டிவிடக் கூடாது. எடுத்த சிரையைத் தலைகீழாகத் திருப்பித்தான் வைக்க வேண்டும். சிரைக்குள் ஒரே பக்கமாகத் திறக்கும் வால்வுகள் இருப்பதால், திருப்பாவிட்டால் அவையே ரத்தத்தை மறித்துவிடும். தலைமுடி போன்ற மெல்லிய இழையால், கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடி மாட்டிக்கொண்டு தைக்கிறார்கள்.

எலும்பும் நொறுங்கியிருந்தால் எது முதலில்? எலும்பை நிறுத்தாமல் தைத்தால் தையல் பிய்ந்துவிடும். எலும்பை முடிக்கும்வரை காத்திருந்தால் தசை செத்துவிடும். இதற்குத் தீர்வு ஷன்ட். அறுந்த இரு முனைகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகினால் சில நிமிடங்களில் கீழே ரத்தம் ஓடத் தொடங்கும். பாதம் சூடேறும். அதன்பின் எலும்பு மருத்துவர் வெளியிலிருந்து கம்பிச்சட்டம் போட்டு எலும்பை நிறுத்துவார். கடைசியாக நிரந்தரத் தையல். ரத்தக்குழாய் நிபுணர் இல்லாத மருத்துவமனையிலும், பயிற்சி பெற்ற பொது அறுவை மருத்துவர் ஷன்ட் வைத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப முடியும். அந்த ஒரு செயல் கடிகாரத்தை நிறுத்திவைக்கும்.

வீக்கத்தின் சிறை

பல மணி நேரம் பட்டினி கிடந்த தசைக்கு ரத்தம் திரும்பும்போது அது வீங்கும். கெண்டைக்காலில் தசைகள் நான்கு இறுகிய உறைகளுக்குள் இருக்கின்றன. உறை விரியாது. உள்ளே அழுத்தம் ஏறி, நுண்குழாய்களை நெரித்து, மறுபடியும் தசை சாகும். இதைத் தடுக்கத்தான் கெண்டைக்காலின் இரு பக்கமும் நீளமாகக் கிழித்து நான்கு உறைகளையும் திறந்து விடுகிறார்கள். பார்க்கும் சொந்தக்காரர்களுக்குத் திகைப்பாக இருக்கும். “ஆபரேஷன் பண்ணிட்டு ஏன் தைக்காம விட்டுட்டாங்க” என்று கேட்பார்கள். காலைக் காப்பாற்றவே அப்படித் திறந்து விடுகிறார்கள். வீக்கம் வடிந்தபின் மூடிக்கொள்ளலாம், தேவைப்பட்டால் தோல் வைத்து ஒட்டலாம்.

இந்த அழுத்தம் ரத்தக்குழாய் அறாத காலிலும் வரும். எலும்பு முறிவின் மேல் இறுக்கிக் கட்டினாலே போதும். 1881இல் ஜெர்மன் மருத்துவர் ரிச்சர்ட் ஃபோல்க்மன் இதை விவரித்தார். இறுகிய கட்டுக்குள் ரத்தமில்லாமல் செத்த முன்கைத் தசை சுருங்கி, விரல்கள் நிரந்தரமாக மடங்கிப் போவதற்கு இன்றும் அவர் பெயர்தான்.

நம் ஊரில் மரத்திலிருந்து விழுந்த பிள்ளையின் முழங்கைக்கு மேல் எலும்பு முறிந்தால் கட்டுப்போடும் வைத்தியரிடம் ஓடும் வழக்கம் இன்றும் இருக்கிறது. முறிந்த எலும்பின் கூர்முனைக்கு முன்னால்தான் கைக்குப் போகும் தமனி இருக்கிறது. எலும்பை மெதுவாக நேராக்கினாலே பல பிள்ளைகளுக்கு நாடி திரும்பிவிடும். ஆனால் நாடி பார்க்காமல், மூங்கில் பத்தை வைத்து, முட்டையும் மருந்தும் பூசி இறுக்கிக் கட்டி, எட்டாம் நாள் வரச்சொன்னால், பிரிக்கும்போது விரல்கள் கறுத்திருக்கும். தலைமுறை தலைமுறையாகக் கைத்திறனோடு எலும்பு சேர்த்தவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களை அவமதிப்பது என் நோக்கம் அல்ல. கட்டுவதற்கு முன்னும் பின்னும் நாடி பார்ப்பதையும், வலி ஏறினால் அந்த நிமிடமே பிரிப்பதையும், பிள்ளையின் விரல் வெளுத்திருந்தால் தொடாமல் மருத்துவமனைக்கு அனுப்புவதையும் அவர்களுக்கு அரசு கற்றுத்தர வேண்டும்.

இறுகிய கட்டு நவீன மருத்துவமனையிலும் காலை எடுக்கும். 2022 நவம்பரில் சென்னையில் ஓர் இளம் கால்பந்து வீராங்கனை முழங்கால் ஜவ்வு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அதன்பின் போட்ட கட்டு இறுகியதால் ரத்த ஓட்டம் தடைபட்டது என்று சுகாதாரத் துறை அமைச்சரே அறிவித்தார். முதலில் கால் போனது. பிறகு உயிரும் போனது. தமிழ்நாடே அழுத அந்த மரணத்திலிருந்து ஒவ்வொரு வார்டும் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்றுண்டு. காயத்துக்குப் பொருந்தாத அளவுக்கு வலி, விரலை மேலே மடக்கினால் உயிர் போகிற வலி என்று நோயாளி கதறினால், கூடுதலாக ஊசி போட்டுத் தூங்கவைப்பதற்கு முன் கட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இந்த நிலையில் பாத நாடி துடித்துக்கொண்டே கூட இருக்கும். நாடி இருக்கிறது என்பதால் ஆறுதல் அடையக் கூடாது.

எப்போது எடுப்பது சரி

எல்லாக் கால்களையும் காப்பாற்ற முடியாது. காப்பாற்றக் கூடாத கால்களும் உண்டு. 1990இல் ஜோஹன்சன் குழுவினர் வகுத்த மதிப்பெண் முறை ஒன்றில் காயத்தின் கடுமை, ரத்த ஓட்டம், ரத்த அழுத்தம், வயது நான்கையும் கூட்டுகிறார்கள். ஏழும் அதற்கு மேலும் வந்தால் எடுப்பதை யோசிக்கச் சொல்கிறது அது. ஆறு மணி நேரம் கடந்துவிட்டால் ரத்த ஓட்டத்துக்கான மதிப்பெண்ணை அந்தக் கணக்கு இரட்டிப்பாக்குகிறது. தாமதம் என்பதே ஒரு காயம் என்று அது சொல்கிறது.

ரத்தக்குழாய் அறாமல், எலும்பும் தசையும் தோலும் சிதைந்த கால்களுக்குக் கோவை கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழுவினர் உருவாக்கி 2006இல் வெளியிட்ட மதிப்பெண் முறையை இன்று வெளிநாட்டு மருத்துவர்களும் பயன்படுத்துகிறார்கள். 14 வரை காப்பாற்றலாம், 17 முதல் எடுப்பது நல்லது, நடுவில் வருவதை அனுபவமிக்க குழு கூடி முடிவு செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். நம் சாலைகளில் சிதைந்த நம் மக்களின் கால்களிலிருந்து பிறந்த அறிவு அது. எந்த மதிப்பெண்ணும் மருத்துவரின் கண்ணுக்கும் குடும்பத்தின் சம்மதத்துக்கும் துணைதான்; மாற்று ஆகாது.

தூரம் என்ற எதிரி

1984 செப்டம்பரில் ஸ்பெயினின் போசோபிளாங்கோ என்ற சிற்றூரில் பக்கிரி என்ற புகழ்பெற்ற காளை வீரரின் தொடையைக் காளை குத்திக் கிழித்தது. பெருங்குழாய்கள் அறுந்தன. பெரிய மருத்துவமனை இருந்த கோர்தோபாவுக்குக் கொண்டுபோனார்கள். வழியிலேயே இறந்துபோனார். நாடறிந்த வீரரையும் விடவில்லை தூரம். மல்லாங்கிணறு, திருச்சுழிக் கிராமங்களுக்கும் மதுரைக்கும் நடுவில் இருப்பதும் அதே எதிரிதான்.

அந்த எதிரியை எதிர்க்க நம்மிடம் சில ஆயுதங்கள் இருக்கின்றன. 2008இலிருந்து 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்ட எவருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் கட்டணமில்லாமல் கிடைக்கிறது. காப்பீட்டு அட்டை இருக்கிறதா, எந்த ஊர் என்ற கேள்வி கிடையாது. அடிபட்டவரைத் தூக்கிவருபவரைக் காவல்துறையோ மருத்துவமனையோ தொல்லைப்படுத்தக் கூடாது என்பதை 2016இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் அது ஏறிவிட்டது. போலீஸுக்குப் பயந்து ஒதுங்கி நிற்கும் காலம் முடிந்துவிட்டது.

இன்னும் வேண்டியவை மூன்று. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும், அரசு மருத்துவமனை அவசரப் பிரிவிலும் கையடக்க டாப்ளர் கருவி இருக்க வேண்டும். அதைப் பயன்படுத்தச் செவிலியருக்கும் பயிற்சி தர வேண்டும். ஷன்ட் வைக்கவும், தசை உறையைத் திறக்கவும் தெரிந்த அறுவை மருத்துவர் மாவட்ட மருத்துவக் கல்லூரியில் இரவு பகலாக இருக்க வேண்டும். நாடி இல்லை என்று தெரிந்த நோயாளி ஒவ்வொரு மருத்துவமனையாக இறங்கி ஏறாமல், முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லி, தயாராகக் காத்திருக்கும் அறுவை அரங்குக்கு நேரே போக வேண்டும். இவற்றுக்குப் புதிய கட்டடம் தேவையில்லை, உறுதி தேவை.

வீட்டில் ஒட்டிவைக்க

• ரத்தம் பீய்ச்சினால் சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, இரு கையாலும் பலம் கொண்ட மட்டும் அழுத்துங்கள். எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள்.

• காபித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு, மண் எதையும் காயத்தில் போடாதீர்கள்.

• காயத்தில் குத்தி நிற்கும் கம்பி, கண்ணாடி, கொம்பு முனையைப் பிடுங்காதீர்கள். அதுவே ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கலாம்.

• அழுத்தியும் நிற்காத ரத்தத்துக்கு மட்டுமே இறுக்கிக் கட்ட வேண்டும். காயத்துக்கு நான்கு விரல் மேலே, அகலமான துணியால், குச்சி செருகி முறுக்கி, ரத்தம் முற்றிலும் நிற்கும்வரை. அரைகுறையாகக் கட்டினால் சிரை மட்டும் அடைபட்டு ரத்தம் இன்னும் கொட்டும். கட்டிய நேரத்தை நெற்றியிலோ கையிலோ எழுதுங்கள். வழியில் அவிழ்க்காதீர்கள். ஈராக் போரில் அதிர்ச்சி நிலைக்குப் போகுமுன் கட்டப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைத்தார்கள். போனபின் கட்டப்பட்டவர்களில் பத்தில் ஒருவர்தான்.

• பாம்பு கடித்த கை காலில் இறுக்கிக் கட்டவே கூடாது. விரியன் விஷத்தில் வீங்கும் காலுக்கு அந்தக் கயிறே எமன்.

• துண்டான விரலையோ கையையோ சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் வைத்த இன்னொரு பைக்குள் வையுங்கள். ஐஸ் நேரடியாகப் படக் கூடாது.

• அடிபட்ட கால் சில்லிட்டாலோ, வெளுத்தாலோ, மரத்தாலோ, விரல் அசையாவிட்டாலோ காலை வரை காத்திருக்காதீர்கள். உடனே 108.

• மருத்துவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: “நாடி இருக்குதுங்களா? அடிபட்டு இத்தனை மணி நேரமாச்சு, எங்கே போகணும்?”

அடிபட்ட நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் ரத்தம் திரும்ப ஓடிவிட்டால், அந்தக் காலோடு அவர் வீட்டுக்கு நடந்து வருவதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. மதுரையில் கத்தி பிடிப்பவருக்கு அந்த நேரத்தை மிச்சம் பிடித்துக் கொடுக்கும் பொறுப்பு, விபத்து நடந்த இடத்தில் நிற்கும் உங்களுடையதும் என்னுடையதும்.